வெள்ளிக்கிழமை பேண்டும் மாதம் ஒரு பத்திரிகையும்

கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர்களில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாரையும் கூட்டினாலும் இருநூறு பேர் தேறாத உயர்நிலைப் பள்ளிகளில், வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அணி ஓய்வறைக்குப் போகும். ஆனால் அதில் இரண்டு மூன்று பேர் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கோட்டோரம் வைத்துவிட்டு, தோள்காப்பும் புல் கறை படிந்த சட்டையுமாக, டிரம்போனையோ பெரிய டிரம்மையோ எடுத்துக்கொண்டு பேண்ட் வரிசையில் தங்கள் இடத்தில் போய் நிற்பார்கள். சற்று முன்வரை சியர்லீடராகக் குதித்துக்கொண்டிருந்த பெண் கிளாரினெட்டோடு ஓடி வருவாள். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் நகரத்துப் பள்ளியில் இதற்குத் தேவை ஏற்படுவதில்லை. இங்கே ஆள் போதாது என்பதால், ஒரே பிள்ளை விளையாடவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும், நாடகத்தில் நடிக்கவும் வேண்டும். பிறகு அதையெல்லாம் பற்றிப் பள்ளிப் பத்திரிகையில் எழுதவும் வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் சிக்கலானது என்பது, என் மகள் அதைச் செய்யத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. நாங்கள் இந்த ஊருக்கு வந்தது என் மனைவியின் வேலையை முன்னிட்டு. அமெரிக்காவில் மேற்பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு மருத்துவர், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினால், இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குத் தரும் ஏற்பாடு ஒன்று 1994 முதல் இருக்கிறது. கோதுமை வயல்களுக்கு நடுவில் உள்ள சிறு மருத்துவமனைகளில் நம்மூர்ப் பெயர்கள் தென்படுவதற்கு அது ஒரு காரணம். மூன்று ஆண்டு முடிந்ததும் கிளம்பிவிடுவோம் என்றுதான் வந்தோம். மகள் பேண்டில் சேர்ந்த பிறகு கிளம்பும் பேச்சு நின்றுவிட்டது.

அவள் வாசிப்பது மெலஃபோன் என்ற பித்தளை ஊதுவாத்தியம். கச்சேரி அரங்கில் பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர்கள் மைதானத்தில் இதற்கு மாறிவிடுவார்கள். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் ஒலி பார்வையாளர்களுக்கு எதிர்த்திசையில் போய்விடும், மெலஃபோனின் வாய் முன்னோக்கி இருக்கும். இப்படிப்பட்ட விவரங்கள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சாகிவிட்டன. பள்ளி திறப்பதற்கு முன்பே, கோடை வெயில் கொளுத்தும்போது, பேண்ட் முகாம் தொடங்கிவிடும். இசையை விட முதலில் நடைதான். ஐந்து கெஜத்தை எட்டு அடி வைப்பில் கடக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் அடியும் இருபத்திரண்டரை அங்குலம், நெட்டைப் பையனுக்கும் குட்டைப் பெண்ணுக்கும் அதே அளவு. ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று குறித்த சிறு குறிப்பேடு உண்டு. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் மனப்பாடம் செய்வார்கள்.

நான் மிகவும் ரசித்த பாடம் வேறு. மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். பின்கோட்டில் நிற்பவரின் ஒலி முன்கோட்டுக்கு வந்து சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு தட்டுக்கு அரை நொடிதான். அப்படியானால் கால் தட்டுக்கும் மேலாகத் தாமதம் விழுந்துவிடுகிறது. முன்னால் இருப்பவரின் ஒலியைக் கேட்டுப் பின்னால் இருப்பவர் சேர்ந்து வாசித்தால் பார்வையாளர் காதில் எல்லாம் குழம்பிவிழும். ஆகவே காதை நம்பாதே, மேடை மேல் நின்று கையசைக்கும் தலைமை மாணவரின் கையைப் பார் என்று பேண்ட் ஆசிரியர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டே சங்கீதம் கற்ற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது முதலில் முரணாகப் பட்டது.

அந்த ஆசிரியர் ஒரே ஆள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிளாரினெட்டின் நாக்கை எப்படிக் கட்டுவது என்று காட்டுவதிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவியைப் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தயார் செய்வது வரை அவரே செய்கிறார். குளிர்காலத்தில் உள்ளரங்கக் கூடைப்பந்துக்கு வாசிக்க ஒரு சிறு குழு, இளவேனிலில் தனி இசைக்கும் குழு இசைக்குமான மதிப்பீட்டு விழா, மே மாதத்தில் பட்டமளிப்பு, மாத இறுதியில் போரில் மாண்டவர்களுக்கான நினைவு நாள். பேருந்து ஓட்டுநர் கிடைக்காத நாளில் பேருந்தையும் அவரே ஓட்டுகிறார். மதிப்பீட்டு விழாவில் ஒன்று முதல் ஐந்து வரை தரம் இடுவார்கள். மகள் முதல் ஆண்டில் ‘ஒன்று’ வாங்கி வந்தபோது, ஐந்துக்கு ஒன்றுதானா என்று என் மனைவி முகம் வாடிவிட்டாள். இங்கே ஒன்றுதான் உச்சம்.

சிற்றூர்ப் பள்ளிகளில் பேண்ட் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குப் பின்னால் பாசத்தோடு வணிகமும் இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் பொதுமக்கள் பேண்ட் இருந்தது. அயோவா மாநிலம் 1921இல் ஊர்மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் பேண்டுக்கென்று தனி வரி விதித்துக்கொள்ளலாம் என்று சட்டமே இயற்றியது; அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் பேண்ட் தலைவர் ஜார்ஜ் லாண்டர்ஸ். ஆனால் இசைத்தட்டும் வானொலியும் பரவியதும் தொழில்முறை பேண்டுகள் தேயத் தொடங்கின. இண்டியானாவின் எல்கார்ட்டைப் போன்ற ஊர்களில் பித்தளை வாத்தியங்களைச் செய்து குவித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ராணுவ பேண்ட்காரர்கள் பள்ளிகளில் ஆசிரியர்களாகக் கிடைத்தார்கள். 1923இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கான முதல் தேசியப் போட்டியை நடத்தத் துணை நின்றவர்கள் வாத்தியத் தயாரிப்பாளர்கள்தாம். அதில் வென்றது ஒஹையோ மாநிலத்தின் ஃபொஸ்டோரியா என்ற சிற்றூரின் பள்ளி. பெரிய நகரங்களை ஒரு சிறிய ஊர் வென்றுவிட்ட கதை பரவினால் மற்ற சிறிய ஊர்கள் சும்மா இருக்குமா? வாத்தியம் விற்றவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

ஆக, பேண்டை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அது ஊருக்காக வாசிக்கிறது. ஊர்க்கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கோஷ்டி வருவதற்கு எப்படி ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்களோ, அப்படித்தான் இங்கே இடைவேளையில் பேண்ட் இறங்குவதும்.

பத்திரிகை அப்படியல்ல, அது ஊரைப் பற்றி எழுதுகிறது.

எங்கள் பள்ளிப் பத்திரிகை மாதம் ஒருமுறை எட்டுப் பக்கங்களில் வருகிறது. ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆலோசகர். இதழியல் என்று ஒரு பாடவேளை உண்டு; அதில் சேர்ந்திருக்கும் சொற்பப் பேரே நிருபர்கள், புகைப்படக்காரர்கள், பக்கம் வடிவமைப்பவர்கள், விளம்பரம் கேட்டுக் கடை ஏறி இறங்குபவர்கள். வங்கி, மாட்டுத் தீவனக் கடை, பல் மருத்துவர், ஈமச்சடங்கு நிலையம் ஆகியவை நிரந்தர விளம்பரதாரர்கள். பக்கங்களைக் கணினியில் முடித்து வேறோர் ஊரின் அச்சகத்துக்கு அனுப்புவார்கள். கட்டாகத் திரும்பி வரும் பிரதிகளைப் பள்ளியில் கொடுத்ததுபோக உணவகத்திலும் மருத்துவமனை வரவேற்பறையிலும் வைப்பார்கள். முன்பெல்லாம் பெரியவர்கள் அதைப் புரட்டிவிட்டுத் தங்கள் பேரப்பிள்ளை படம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஊரின் வார இதழ் மூடப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. 2005க்குப் பிறகு அமெரிக்காவின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இத்தகைய வார இதழ்கள்தாம். இப்போது கல்விக் குழுக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், பள்ளிக்கூரையைச் செப்பனிட யாருக்கு ஒப்பந்தம் போயிற்று என்பதையெல்லாம் அச்சில் படிக்க வேண்டுமென்றால், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு வந்ததைத்தான் படிக்க வேண்டும். நான் படித்த பள்ளியில் ஆண்டு மலர் ஒன்று வரும். அதில் தலைமையாசிரியரின் வாழ்த்துரையும் மாணவர்களின் கவிதைகளும் இருக்கும், செய்தி என்று ஒரு வரிகூட இருக்காது. எனவே இது எனக்குப் புது அனுபவம்.

மாணவர் பத்திரிகைக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்காடல் பெரும்பாலும் இந்த மத்திய மேற்குப் பகுதியைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1965 டிசம்பரில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களை அயோவாவின் டெ மொயின் பள்ளிகள் இடைநீக்கம் செய்தன. 1969இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. மிசூரியின் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் 1983 மே மாதம் முதல்வர், மாணவியர் கருவுறுவதைப் பற்றியும் பெற்றோரின் மணமுறிவைப் பற்றியும் கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களை அப்படியே எடுத்துவிட்டார். அச்சாகி வந்த பிறகே எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த வழக்கில் 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளி நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால், பள்ளியின் பெயரில் வரும் இதழை நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்றாகிவிட்டது.

அதற்கு மறுமொழியாகச் சில மாநிலங்கள் தங்கள் சட்டங்களை இயற்றின. கான்சஸின் சட்டம் 1992இல் வந்தது. சர்ச்சைக்குரிய பொருள் என்பதற்காக மட்டும் ஒரு கட்டுரையை நிர்வாகம் தடுக்கக் கூடாது, எதை வெளியிடுவது என்பது மாணவ ஆசிரியர்களின் பொறுப்பு, ஆனால் அவதூறுக்கும் ஆபாசத்துக்கும் அதில் இடமில்லை என்பது அதன் சாரம். அதன் பயனை நாடே கண்டது 2017இல். தென்கிழக்குக் கான்சஸில், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்த பிட்ஸ்பர்க் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய முதல்வர் நியமிக்கப்பட்டார். வழக்கமான அறிமுகக் கட்டுரை எழுதப் புறப்பட்ட மாணவர்கள், அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தைத் தேடினார்கள். அது நம்பத்தக்க கல்வி நிறுவனமாகவே தெரியவில்லை. மார்ச் 31 அன்று ‘பூஸ்டர் ரீடக்ஸ்’ என்ற தங்கள் இதழில் அதை வெளியிட்டார்கள். ஏப்ரல் 4 அன்று அந்த முதல்வர், பொறுப்பேற்பதற்கு முன்பே, விலகினார். நியமித்த பெரியவர்கள் செய்யாத சரிபார்ப்பை மாணவர்கள் செய்தார்கள் என்று எல்லாரும் மெச்சினார்கள். எங்கள் பள்ளியின் இதழியல் வகுப்பறைச் சுவரில் அந்த முதல் பக்கத்தின் படி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. வடக்கே எல்லை தாண்டினால் நெப்ராஸ்காவில் கதை வேறு: கிராண்ட் ஐலண்ட் ஊரின் நார்த்வெஸ்ட் பள்ளியில், பாலினச் சிறுபான்மையினரைப் பற்றிய கட்டுரைகள் வந்த இதழை அடுத்து, 54 ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த பத்திரிகையையே 2022இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே கான்சஸைப் போன்ற சட்டம் இல்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் முதல்வரிடமிருந்தும் கல்விக் குழுவிடமிருந்தும்தான் காக்கின்றன. பக்கத்தில் நின்று வாசிக்கும் தோழியின் அம்மாவிடமிருந்து காக்க ஒரு சட்டமும் இல்லை. மகளின் விஷயத்தில் நடந்தது அதுதான்.

பேண்டுக்குப் பள்ளி தரும் பணம் வாத்தியப் பழுதுபார்ப்புக்கே சரியாகப் போய்விடும். சீருடை, பயணம், போட்டிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பெற்றோர் நடத்தும் ஆதரவாளர் சங்கம்தான் கதி. ஆட்ட நாளில் தின்பண்டக் கடை போடுவது, இலையுதிர்காலத்தில் பிஸ்கட் மாவு விற்பது, கிறிஸ்துமஸுக்கு முன் பெட்டி பெட்டியாக ஆரஞ்சுப் பழம் வரவழைத்து விற்பது என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். (எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இன்னும் பிஸ்கட் மாவு வாளிகள் இருக்கின்றன, தோசை மாவுக்கு இடமில்லை.) செயின்ட் லூயிஸுக்கு ஒரு பயணம் முடிவானபோது, ஒவ்வொரு பிள்ளையும் விற்றதில் கிடைத்த லாபத்தை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே வரவு வைப்பது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நிறைய விற்றவர் காசு தராமல் போகலாம். விற்காதவர் கையிலிருந்து கட்ட வேண்டும். உழைத்தவனுக்குப் பலன் என்ற முறையில் யாருக்கும் இது தவறாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

தாளக் குழுவில் ஒரு பையன் பயணத்துக்கு வரவில்லை என்று பெயர் கொடுத்தான். அவன் வீடு ஊரிலிருந்து வெகு தொலைவில் ஒரு பண்ணையில் இருக்கிறது. அக்கம்பக்கம் என்று சொல்ல யாருமில்லை, மாலையில் மாடு பார்க்க வேண்டும், யாரிடம் போய் மாவு விற்பது? மகள் அதைக் கேட்டறிந்துகொண்டு ஆலோசக ஆசிரியையிடம் சொன்னாள். அவர், தனிப்பட்ட ஒருவனின் வறுமையை எழுதாதே, ஏற்பாட்டைப் பற்றி எழுது என்றார். அந்த ஏற்பாட்டைத் தோண்டியபோது வேறொன்று வெளிப்பட்டது. இத்தகைய சங்கங்கள் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள். பொதுவாகத் திரட்டிய பணம் குறிப்பிட்ட சிலரின் சொந்தப் பயனுக்கு, அவரவர் விற்பனைக்கு ஏற்பப் பிரிக்கப்படக் கூடாது. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் ஆதரவாளர் சங்கம் இதே முறையைப் பின்பற்றியதற்காக வரிவிலக்கை இழந்ததை அமெரிக்க வரி நீதிமன்றம் 2013இல் உறுதி செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை மகள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த என் மனைவி, இயற்பியல் தேர்வு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டாள்.

சங்கத்தின் பொருளாளர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், மகளோடு அதே வரிசையில் மெலஃபோன் வாசிக்கும் பெண்ணின் தாய், நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வாசலில் பனியை அள்ளிப்போட்டவர். யாருடைய காசையும் அவர் தொட்டதில்லை. முன்பிருந்தவர் செய்த வழக்கத்தைத் தொடர்ந்தார், அவ்வளவே. நகரத்துப் பள்ளியாக இருந்தால், பேண்டில் இருப்பவர் பேண்டைப் பற்றி எழுதக் கூடாது என்று விதி போட்டுவிட்டு வேறொருவரை அனுப்பிவிடுவார்கள். இதழியல் பாடநூல்களும் அதையே சொல்கின்றன. எனக்கு இப்போது அந்த விதி ஆள் நிறைய உள்ள இடத்துக்கான சொகுசு என்று தோன்றுகிறது. எங்கள் பத்திரிகையில் பேண்டில் இல்லாதவர்களை மட்டும் வைத்து எழுத வேண்டுமென்றால் எழுத ஆளே மிஞ்சாது. பேண்டைப் பற்றி எழுதவே கூடாதென்றால் ஊரின் பெரிய பொது நிதிகளில் ஒன்றைப் பற்றி யாரும் ஒருபோதும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆலோசக ஆசிரியை ஒரு வழி சொன்னார். எழுதியவர் பேண்டில் வாசிக்கிறார், இந்தப் பயணத்துக்கு அவர் பெயரிலும் வரவு இருக்கிறது என்பதைக் கட்டுரையின் மூன்றாம் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுரையைத் திருத்துபவர் பேண்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். வகுப்பில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். மல்யுத்தக்காரன்; இசைக்குறியீடு ஒன்றும் தெரியாது, பேண்டின் மேல் அவனுக்கு எந்தப் பற்றும் இல்லை. மகளின் வரைவைப் படித்துவிட்டு, பொருளாளரைப் பற்றிய பத்தியில் நீ அவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறாய், அதைப் படிப்பவர் அவர் ஏதோ திருடிவிட்டதாகத்தான் நினைப்பார், விதி என்ன என்பதையும் நடந்தது என்ன என்பதையும் மட்டும் எழுது என்று சொன்னானாம். அவன் சொன்னது சரி. மரியாதைக்காகச் சேர்த்த மூன்று வாக்கியங்களை எடுத்ததும் கட்டுரை யாரையும் குற்றம் சாட்டாமல் நின்றது. பொருளாளரை மகள் நேரில் பார்த்து, கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, பதிலை முழுமையாக வெளியிட்டாள்.

அதன் பிறகு சில வாரங்கள் மெலஃபோன் வரிசையில் பேச்சு இல்லை. சண்டை போடவும் முடியாது. நான்கு பேர் கொண்ட வரிசையில் ஒருவர் தவறினால் மைதானத்தில் பல் விழுந்ததுபோல ஓட்டை தெரியும். எட்டு அடிக்கு ஐந்து கெஜம் என்று முறைத்தபடியே பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். மருந்துக்கடையில் என்னிடம் ஒருவர், உங்கள் பெண் நன்றாக எழுதுகிறாள், ஆனால் இதைச் சங்கத்துக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சங்கக் கூட்டங்களுக்கு அதுவரை நானே போனதில்லை என்பதும், பெரும்பாலான பெற்றோர் போவதில்லை என்பதும் அவருக்கும் தெரியும்.

வசந்தத்தில் சங்கம் கூடி, லாபம் முழுவதையும் பொதுவில் சேர்த்துப் பயணச் செலவை எல்லாருக்கும் சமமாகக் குறைப்பது என்று முடிவெடுத்தது. தாளக் குழுப் பையன் வந்தான். அடுத்த விற்பனையில் வருமானம் குறைந்துவிட்டது. தன் பெயரில் வரவு இல்லையென்றால் எதற்கு வீடு வீடாக ஏற வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் இருந்தார்கள், அதையும் பத்திரிகை எழுதியது. பொருளாளர் பதவியில் தொடர்கிறார். அவருடைய மகளும் என் மகளும் பேசிக்கொள்கிறார்கள். முன்போல ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவதில்லை.

அடுத்த ஆண்டுக்கு அந்த மல்யுத்தக்காரப் பையனைத்தான் பத்திரிகையின் ஆசிரியராகத் தேர்ந்திருக்கிறார்கள். இதற்கிடையில் பேண்ட் ஆசிரியர் அவனைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் சூசஃபோன் என்ற பெரிய ஊதுவாத்தியத்தைத் தூக்க வலுவான தோள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவன் போய்ச் சேர்ந்துவிட்டால், பேண்டைப் பற்றிய செய்தியைத் திருத்தப் பத்திரிகையில் ஆள் இருக்காது.